பழைய ட்ரெயிலரும் தனி ஓட்டிகளும்

பழைய ட்ரெயிலர் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி யாராவது கூட்டிக்கொண்டு போனால் நான் முதலில் பின்பக்கம்தான் போவேன். கதவுகளுக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் தொங்கும். அது நிலத்திலிருந்து 22 அங்குலத்துக்கு மேற்படாமல், தடித்த தாங்கிகளோடு இருந்தால், பெரும்பாலும் அந்த ட்ரெயிலர் 1998 ஜனவரி 26க்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. ஒல்லியாக, 30 அங்குலம் வரை உயர்ந்து நின்றால் அதற்கு முந்தியது. உற்பத்தித் தகட்டைத் தேடிப் பிடிக்க முன்னரே வயது பாதி தெரிந்துவிடும்.

அந்த இரும்பை வட அமெரிக்காவில் ஓடுகிறவர்கள் இன்றும் மான்ஸ்ஃபீல்ட் பார் என்றுதான் சொல்வார்கள். ஜேன் மான்ஸ்ஃபீல்ட் ஹொலிவூட் நடிகை. 1967 ஜூன் 29 அதிகாலை, 90ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நியூ ஓர்லியன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் நுளம்புக்குப் புகை அடிக்கும் வண்டி. அந்தப் புகைக்குள் வேகம் குறைத்த ட்ரெயிலர் ஒன்றின் அடியில் அவருடைய கார் புகுந்துவிட்டது. முன் ஆசனத்தில் இருந்த மூன்று பெரியவர்களும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். பின்னால் இருந்த மூன்று பிள்ளைகளும் தப்பினார்கள். 1952க்குப் பின் செய்த ட்ரெயிலர்களுக்கு 30 அங்குல விதி ஏற்கெனவே இருந்தது. ஆனால் காரின் முகப்பு அதைவிடத் தாழ்வு. அந்த எட்டு அங்குலத்தைக் குறைக்க அமெரிக்க அரசுக்கு மேலும் முப்பது வருஷம் எடுத்தது. அந்த முப்பது வருஷத்தில் அடியில் புகுந்த கார்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

நான் ரொறன்ரோவிலிருந்து வின்சர் எல்லை வழியாக மிச்சிகன், ஒஹையோ, இந்தியானாப் பக்கம் சாமான் ஏற்றுகிறவன். முன்னால் இழுக்கிற ட்ரக்கும் என்னுடையது, பின்னால் வருகிற ட்ரெயிலரும் என்னுடையது. இப்படிப்பட்டவர்களை இங்கே ஓனர் ஒப்பரேட்டர் என்பார்கள். ட்ரக் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு கொம்பனி ட்ரெயிலரை இழுக்கிறவர்கள்தான் கூட. ட்ரெயிலரும் சொந்தமாக இருந்தால் எந்த புரோக்கரிடமும் நேரே சுமை எடுக்கலாம், கூலியில் ஒரு பங்கு கூடுதலாகக் கையில் நிற்கும். புது ட்ரெயிலருக்குக் கொடுக்கிற காசில் பழையது நாலைந்து வாங்கலாம். அதனால் தனி ஆள் பழையதில்தான் தொடங்குவான். இந்தத் தொழிலின் நூறு வருஷக் கதையைத் தோண்டிப் பார்த்தால், பழைய ட்ரெயிலருக்கு வயதைவிடச் சட்டமும் பெரிய கொம்பனிகள் விழுந்த நாட்களுமே விலை வைத்திருக்கின்றன. தனி ஆள் உள்ளே வந்ததும் சட்டமும் வீழ்ச்சிகளும் விட்ட இடுக்குகளால்தான்.

கதை தொடங்கிய ஊர் நான் அடிக்கடி கடக்கிற ஊர். வின்சரில் அம்பாசடர் பாலம் ஏறி மறுகரையில் இறங்கினால் டிட்ரோயிட். அங்கே கிராஷியட் அவெனியூவில் ஓகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் குதிரைக்கு லாடம் அடித்து, வண்டி செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். 1914இல் ஃபிரெடெரிக் சிப்லி என்ற மரவியாபாரி அவரிடம் வந்தார். சிப்லியிடம் ஒரு படகு இருந்தது. அதை வடக்கே ஒரு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும், இழுக்க இருந்தது ஒரு மொடல் ரி ஃபோர்ட் கார். ஃப்ரூஹாஃப் இரண்டு சில்லு வைத்த ஒரு நீளச் சட்டம் அடித்து, அதன் முன்தலையைக் காரின் சட்டத்தில் கொளுவிக் கொடுத்தார். முன்பக்கச் சில்லு கிடையாது, பாரத்தின் பாதி காரிலேயே உட்காரும். படகு போய்ச் சேர்ந்தது. அதே மாதிரி மரம் ஏற்றவும் செய்து தரும்படி சிப்லி கேட்டார். 1918இல் ஃப்ரூஹாஃப் ட்ரெயிலர் கொம்பனி பதிவாகிவிட்டது.

இதற்கு முன்பே கிளீவ்லண்டில் அலெக்சாண்டர் விண்டன் தான் செய்த கார்களை ஏற்றி அனுப்ப இதுபோல ஒன்றைச் செய்திருந்தார். எனினும் அதை மரக்காலை, பால் பண்ணை, பலசரக்குக் கடை எல்லாவற்றுக்கும் உரிய பொருளாக ஆக்கியது ஃப்ரூஹாஃப்தான். குதிரை முதுகில் சுமப்பதைவிட இழுக்கிறது அதிகம் என்பது லாடம் அடிக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ட்ரெயிலருக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் இயந்திரம் இல்லை. சட்டம், அச்சு, சில்லு, பிறேக், பெட்டி, கொஞ்சம் வயர், அவ்வளவுதான். ஆகையால் அது மெதுவாகத்தான் கிழடாகும். பெரிய கொம்பனி பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி, கணக்குப் புத்தகத்தில் பெறுமதி தேய்ந்ததும் விற்றுவிடும். பிறகு என்னைப் போன்றவன் இன்னொரு பத்து வருஷம் இழுப்பான். அதற்கும் பிறகு சில்லைக் கழற்றிவிட்டு ஏதாவது பண்ணையில் வைக்கோல் அடைக்க வைத்துவிடுவார்கள். ஒன்ராறியோவில் 401 நெடுஞ்சாலை ஓரத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போங்கள், பழைய கொம்பனிகளின் பெயர் மங்கிய பெட்டிகள் நிற்கும்.

1930களின் பஞ்ச காலத்தில் வேலை போன ஆயிரக்கணக்கானோர் கடனுக்கு ஒரு ட்ரக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். வட கரோலினாவில் றெட் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூரில் மால்கம் மக்லீன் 1934இல் பழைய ட்ரக் ஒன்றோடு தொடங்கியதும் அப்படித்தான். பாடு முழுக்கத் தாங்களே படுகிற இவர்கள் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். ரயில் கொம்பனிகளும் பெரிய லொறிக் கொம்பனிகளும் அரசிடம் போய் முறையிட்டன. 1935 ஆகஸ்ட் 9 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மோட்டார் கேரியர் சட்டம் அந்த முறைப்பாட்டின் பலன். மாநிலம் விட்டு மாநிலம் பொதுச் சாமான் ஏற்றுவதற்கு, மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்த வருஷம் ஜூன் 1இல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய உரிமை என்று பத்திரம் கிடைத்தது. புதிதாக வருகிறவன் தன் ஓட்டம் பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டும். அந்த வழியில் முன்பே ஓடுகிறவர்கள் எல்லாரும் வந்து மறுத்து வாதாடலாம். அதாவது கடைக்காரர்களிடமே கேட்டுக்கொண்டு புதுக் கடை திறப்பது. ஒழுங்கு என்ற பெயரில் ஏழை ஓட்டியின் முகத்தில் கதவைச் சாத்திய சட்டம் அது என்பதுதான் என் அபிப்பிராயம். அதனால் கூலி நிலைத்தது, தொழிற்சங்க ஓட்டிகளுக்கு நல்ல சம்பளம் வந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

கதவு சாத்தினாலும் இரண்டு ஜன்னல் திறந்திருந்தன. ஒன்று, பத்திரம் உள்ள கொம்பனிக்குத் தன் ட்ரக்கையும் தன்னையும் சேர்த்து வாடகைக்குக் கொடுப்பது. மற்றது, விளைபொருள். விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பயந்து மரக்கறி, பழம், கால்நடை, மீன் ஆகியவற்றை ஏற்றும் வண்டிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு வைத்திருந்தார்கள். பொருள் தொழிற்சாலைப் பண்டமாக மாறினால் விலக்குப் போய்விடும். எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று வருஷக் கணக்கில் வழக்கு நடந்தது. இறகு பிடுங்கி, வெட்டித் துப்புரவாக்கி, உறைய வைத்த கோழி விளைபொருளா, பண்டமா? ஆணையம் பண்டம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956இல் நீதிபதிகள் அது இன்னும் கோழிதான், விளைபொருள்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஒரு தீர்ப்பால் குளிர்ப்பெட்டி ட்ரெயிலர் வைத்திருந்த தனி ஓட்டிகளுக்குத் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பத்திரம் இல்லாமல் சுமை கிடைத்தது.

அந்தக் குளிர்ப்பெட்டியும் தனி மனிதர் ஒருவரின் மூளையில் பிறந்ததுதான். மினியாபொலிஸில் ஃபிரெடெரிக் மக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பின மெக்கானிக், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், 1930களின் கடைசியில் ட்ரக்கின் அதிர்வைத் தாங்குகிற குளிர்பதன இயந்திரத்தைச் செய்தார். அவருடைய முதலாளி ஜோசப் நியூமெரோவோடு சேர்ந்து தெர்மோ கிங் என்ற கொம்பனி எழுந்தது. ஜோன்ஸ் இறந்து பல வருஷம் கழித்து, 1991இல் அமெரிக்க அரசு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது. இன்றைக்கும் ரீஃபர் என்கிற குளிர்ப்பெட்டி ட்ரெயிலர் வாங்குகிறவன் பெட்டியைவிட அதன் மூக்கில் இருக்கும் அந்த இயந்திரம் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துத்தான் விலை பேசுவான்.

மக்லீனை இடையில் விட்டுவிட்டேன். பழைய ட்ரக்கோடு தொடங்கிய அவர் நாட்டின் மிகப் பெரிய லொறிக் கொம்பனிகளில் ஒன்றைக் கட்டி, 1955இல் கைமாற்றிவிட்டு, மறு வருஷம் ஏப்ரல் 26 அன்று நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைக் கப்பலில் அனுப்பினார். ட்ரெயிலரின் சில்லையும் சட்டத்தையும் கரையில் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றலாம் என்பது லொறிக்காரன் ஒருவனின் கணக்கு. கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கொள்கலன்கள் எல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள்தான்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது தனி ஓட்டிகளின் கழுத்து நெரிந்தது. டீசல் விலை ஏறியது, கிடைக்கவும் இல்லை. கூலியோ ஆணையம் அனுமதித்ததுதான். அந்த டிசம்பர் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் 80ஆம் இலக்க நெடுஞ்சாலையில், பிளேக்ஸ்லீ என்ற இடத்துக்குக் கிட்ட, எரிபொருள் தீர்ந்து நின்ற ஜே. டபிள்யூ. எட்வர்ட்ஸ் ஓட்டிகள் தங்களுக்குள் பேசுகிற சிபி றேடியோவில் பேசத் தொடங்கினார். றேடியோவில் அவருடைய பெயர் றிவர் றாட். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலை அடைபட்டது, ஒஹையோவிலும் அடைபட்டது. அதே வருஷம் ஓனர் ஒப்பரேட்டர்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. மிசூரி மாநிலத்தில் கிரெயின் வாலி என்ற ஊரில் ட்ரக் ஸ்டாப் ஒன்றில் நிறுத்திய ஒரு ட்ரெயிலருக்குள்தான் அதன் ஆரம்ப அலுவலகம் நடந்தது. வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்த அரசு, அதற்கு ஈடாக மொத்த எடை வரம்பை 73,280 இறாத்தலில் இருந்து 80,000க்கு உயர்த்தியது. இன்றைக்கும் நான் எல்லை தாண்டினால் தராசில் நிற்பது அந்த 80,000தான்.

அந்த எழுபதுகளின் ட்ரெயிலர்களில் ஒரு விசேஷம் உண்டு. 1975இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிறேக் கட்டாயம் என்று விதி வந்தது. அந்தக் காலத்து மின்னணுப் பெட்டிகள் மழை, உப்பு, அதிர்வு ஒன்றையும் தாங்கவில்லை. பிறேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை என்று ஓட்டிகள் புகார் சொன்னார்கள், வயரைக் கழற்றிவிட்டவர்கள் ஏராளம். 1978இல் நீதிமன்றம் அந்த விதியின் முக்கிய பகுதியை நிறுத்திவிட்டது. நல்ல யோசனை, ஆனால் இருபது வருஷம் முந்தி வந்துவிட்டது. 1998 மார்ச் 1க்குப் பின் செய்த ட்ரெயிலர்களில் அது திரும்ப வந்தபோது வேலை செய்தது. பின் இடதுபக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் லைற் இருக்கும். ட்ரக்கோடு கொளுவியதும் அது ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றிக் கோளாறை மறைத்திருக்கிறார்கள், அதுதான் கூடாதது.

1980 ஜூலை 1 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1935இன் கதவைத் திறந்துவிட்டது. பத்திரம் எடுப்பது எளிதானது. பத்து வருஷத்துக்குள் லொறிக் கொம்பனிகளின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் போனது. போட்டியில் கூலி விழுந்தது, பழைய பெரிய பெயர்கள் விழுந்தன. மக்லீன் தொடங்கிய லொறிக் கொம்பனியே, அவருடைய கையை விட்டுப் போன பிறகு, 1986இல் வங்குரோத்தானது. ஒரு கொம்பனி விழுந்தால் அதன் முற்றத்தில் நின்ற ட்ரெயிலர்கள் எல்லாம் ஒரேயடியாக ஏலத்துக்கு வரும். வேலையிழந்த ஓட்டியே தான் இழுத்த ட்ரெயிலரை ஏலத்தில் எடுக்கலாம். அவனுக்கு நன்மை நடந்ததா தீமை நடந்ததா என்று யாரும் இலேசில் சொல்லிவிட முடியாது.

1983 ஜனவரியில் றேகன் கையெழுத்திட்ட சட்டம் ட்ரெயிலரின் உடம்பையே மாற்றியது. தேசிய நெடுஞ்சாலைகளில் 48 அடி நீளத்தையும் 102 அங்குல அகலத்தையும் எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது. அதுவரை அகலம் 96 அங்குலம்தான். ஆறு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வட அமெரிக்காவில் சாமான் அடுக்குகிற மரத் தட்டு, இங்கே பலெட் என்பார்கள், 48க்கு 40 அங்குலம். 96 அங்குலப் பெட்டியில் சுவர்த் தடிப்புப் போக மிஞ்சுகிற இடத்தில் இரண்டு பலெட்டை 48 பக்கமாக அருகருகே வைக்க முடியாது. 102இல் வைக்கலாம். அந்த ஆறு அங்குலத்துக்காக, நல்ல நிலையில் இருந்த ஆயிரக்கணக்கான 96 அங்குலப் பெட்டிகள் சந்தையில் மதிப்பிழந்தன. கறள் பிடிக்கவில்லை, பலகை உக்கவில்லை, அகலம் மட்டும் பழசாகிவிட்டது. அதே சட்டம் டீசல் வரியைக் கலனுக்கு 4 சதத்திலிருந்து 9 சதமாக்கியது, கனரக வண்டி வரியையும் ஏற்றியது. அந்த மாத முடிவில் தனி ஓட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலியும் ஆனது.

பிறகு 1990களில் 53 அடி வந்து 48ஐயும் ஓரங்கட்டியது. 48 அடியில் பலெட்டை நேராக அடுக்கினால் 24, 53இல் 26. அந்த இரண்டு பலெட்டுக்காகப் பெரிய கடைகளின் களஞ்சியங்கள் 53தான் வேண்டும் என்றன. நான் தொழிலுக்கு வந்தது அந்த நேரம்தான். எல்லாரும் 48ஐ வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் முதலில் வாங்கியது 48 அடி ஃப்ரூஹாஃப். அந்தக் கொம்பனி 1996இல் வங்குரோத்தாகி, மறு வருஷம் இந்தியானாவின் வபாஷ் கொம்பனி அதன் சொத்துகளை வாங்கியிருந்தது. செய்தவனே செத்துவிட்டான், உதிரிப்பாகத்துக்கு எங்கே போவாய் என்று கூடத் தெரிந்தவர்கள் பயமுறுத்தினார்கள். எனக்கு அந்தப் பயம் பிடிபடவே இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதோடு பார்த்தால் ட்ரெயிலர் ஒரு பொருட்டே இல்லை. அதன் அச்சு, பிறேக், சில்லுக் குடம், லைற், லாண்டிங் கியர் எல்லாம் எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவாகச் செய்து விற்கிற பாகங்கள். ட்ரக்கில் கொளுவுகிற கிங்பின்னும் இங்கே ஓடுகிற சாதாரண ட்ரெயிலர்களில் இரண்டு அங்குலம்தான். பெயர்ப் பலகை மட்டும்தான் செத்தது.

அந்த ட்ரெயிலருக்கு நான் பட்ட பெரிய பாடு சிவப்பு வெள்ளை நாடா ஒட்டியது. இரவில் ட்ரெயிலரின் ஓரம் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1993 டிசம்பர் 1க்குப் பின் செய்தவற்றில் அது தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும். முந்தியவற்றுக்கு 2001 ஜூன் 1க்குள் நாங்களே ஒட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். குளிர் தகரத்தில் பசை பிடிக்காது. மே மாதம் வரை காத்திருந்து, தகரத்தை அற்ககோல் போட்டுத் துடைத்து, றிவெட் தலைகளைச் சுற்றி நாடாவை வெட்டி, தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன். வேலை முடிந்து அன்றிரவு கார் லைற்றைப் போட்டுப் பார்த்தேன். நீளம் முழுக்க எழுந்து நின்றது. குறுக்கு ரோட்டில் ட்ரெயிலரைத் திருப்பும்போது பக்கவாட்டில் வருகிறவனுக்கு நான் தெரிகிறேன் என்ற நிம்மதி அன்றிலிருந்து உண்டு. எனக்குக் காசும் உழைப்பும் செலவழித்த விதிதான், ஆனால் நல்ல விதி.

அண்மையில் ஒரு தம்பி, சொந்த ட்ரக் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், மிசிசாகாவில் ஒரு முற்றத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். 53 அடி, அலுமினியத் தகர ட்ரை வான், அதாவது குளிர்பதனம் இல்லாத மூடிய பெட்டி. தொடர் இலக்கத்தின் பத்தாவது எழுத்து 5, ஆக 2005 மொடல். முதல் எழுத்து 1, அமெரிக்காவில் செய்தது.

“அண்ணை, இது சரிவருமோ?”

“உள்ளுக்க போய் நில். நான் கதவைச் சாத்துறன். எங்கையாவது வெளிச்சம் தெரியுதோ எண்டு வடிவாப் பார்.”

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கத்தினான். “கூரையில மூண்டு இடத்தில வெள்ளி மாதிரித் தெரியுது அண்ணை.”

கூரை ஓட்டையை ஒட்டிவிடலாம். எனக்குக் கவலை தந்தது நிலம். தளம் ஓக் மரப் பலகை, ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் தடிப்பு. கதவு வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்குகிற இடம்தான் முதலில் போகும். மழைத் தண்ணீரும் அங்கேதான் தங்கும். சாவியால் குத்திப் பார்த்தேன், வாசல்படியை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு மரம் புட்டு மாதிரி உதிராவிட்டாலும் சாவி இறங்கியது. கீழே படுத்துப் பார்த்தால் குறுக்கு இரும்புகள் வரிசையாகத் தெரியும். ஒன்ராறியோவில் ஐந்து மாதம் ரோட்டில் உப்புத்தான். மேல் கறள் எல்லாவற்றிலும் இருக்கும், அது பரவாயில்லை. சுத்தியலால் தட்டும்போது கணீரென்று சத்தம் கேட்க வேண்டும். செதில் செதிலாக உரிந்து விழுந்தால் விட்டுவிட வேண்டியதுதான். இதில் பின்னுக்கு இரண்டு இரும்பு மட்டும் மெலிந்திருந்தன. பிறேக் கட்டைகளில் தகட்டுக்கும் லைனிங்குக்கும் இடையில் கறள் ஊதி வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு சில்லில் விட்டிருந்தது.

கிங்பின்னுக்கு நான் ஓர் அளவுத் தகடு வைத்திருக்கிறேன். பின் தேய்ந்திருந்தால் தகட்டின் வாய் அதன் மேல் ஏறிவிடும். எட்டில் ஒரு அங்குலத் தேய்வுக்கு மேல் போனால் மாற்ற வேண்டும், அது சின்னக் காசு இல்லை. இதில் ஏறவில்லை. ட்ரெயிலரை இழுக்கிற முழு விசையும் அந்த இரண்டு அங்குல இரும்பில்தான் தங்கியிருக்கிறது என்பதைத் தம்பிக்குக் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினேன்.

ஆனால் இரும்பு நன்றாக இருப்பது மட்டும் போதாது. சுமை தருகிறவர்கள் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ட்ரெயிலரை உள்ளே விடமாட்டோம் என்பதும் உண்டு, சாப்பாட்டுச் சாமானுக்கு இன்னும் கடுமை. கலிபோர்னியா 53 அடிப் பெட்டிகளுக்குக் காற்றுத் தடுக்கும் பக்கத் தகடும் உருளல் தடை குறைந்த ரயரும் கேட்கிறது. இந்த ட்ரெயிலரோடு அந்தப் பக்கம் நினைக்க வேண்டாம், இரும்பு, கடதாசி, பிளாஸ்ரிக் சாமான்களோடு மிச்சிகனும் ஒஹையோவும் ஓடினால் போதும் என்றேன்.

விலை ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்டான். 2023 ஜூலைக் கடைசியில் யெல்லோ கொம்பனி கதவைச் சாத்தியது. 1924இல் ஒக்லஹோமாவில் தொடங்கியது, முடியும்போது ஏறத்தாழ 30,000 பேர் வேலை செய்தார்கள். அதன் பல்லாயிரம் ட்ரெயிலர்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவற்றில் கனக்க 28 அடிக் குட்டிகள், இரண்டைக் கோத்து இழுக்க வேண்டியவை. அவையும் 1983இன் அந்தச் சட்டத்தால் நாடு முழுக்க வழி கிடைத்தவைதான். தனி ஆளுக்கு ஒரு குட்டியால் பிழைப்பு ஓடாது. பண்ணைக்காரனும் கட்டடக்காரனும் களஞ்சியமாக வைக்க வாங்கினார்கள். சுமையே குறைந்து கூலி இறங்கிக் கிடந்த காலம் அது, ஓட்டாமல் நிறுத்தியவர்களின் 53 அடிகளும் சேர்ந்து முற்றங்கள் நிறைந்தன. வாங்குகிறவனுக்கு நல்ல நேரம், ஓட்டுகிறவனுக்குக் கூடாத நேரம். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன.

விற்பவர் பஞ்சாபிக்காரர், தானும் ஓட்டியாக இருந்தவர், பேச்சில் நேர்மை இருந்தது. எட்டாயிரம் டொலர் கேட்டார். வாசல்படிப் பலகையை வெட்டிப் புதிது போட்டு, அந்த இரண்டு குறுக்கு இரும்பையும் பிறேக் கட்டையையும் மாற்றி, ஆண்டுச் சோதனை ஸ்ரிக்கரோடு தந்தால் கேட்ட விலையே தருகிறோம் என்றேன். கூரையை நாங்களே ஒட்டிக்கொள்கிறோம். அவர் ட்ரெயிலருக்குக் கீழே தலையைக் குனிந்து ஒருமுறை தானே பார்த்துவிட்டு, ஒரு கிழமை தாருங்கள் என்றார். தம்பி ஐநூறு டொலர் முற்பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினான். அதில் தொடர் இலக்கம் பதினேழு எழுத்தும் சரியாக விழுந்திருக்கிறதா என்று தகட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் காருக்கு வந்தோம்.